மலைக்குப் போனவளும் வீட்டில் இருந்தவரும்

முதுமையைப் பற்றி நம் கதைகளில் நிறைய வந்திருக்கிறது என்று பொதுவாக ஓர் எண்ணம் இருக்கிறது. எனக்கு அதில் சந்தேகம் உண்டு. நிறைய வந்திருப்பது பிள்ளைகளின் நன்றிகெட்டதனம்தான். கிழவர் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். மருமகள் ஆறிப்போன காபியைக் கொண்டுவந்து ‘ணங்’கென்று வைப்பாள். மகன் பார்த்தும் பாராதவன் போலச் செருப்பை மாட்டிக்கொண்டு ஆபீசுக்குக் கிளம்புவான். கிழவர் கண்ணில் ஒரு சொட்டு நீர் வரும்; கதை முடிந்துவிடும். படித்த நாமும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நல்லவேளை, அந்த மகன் நாமில்லை என்ற திருப்தியோடு அடுத்த பக்கத்தைப் புரட்டுவோம்.

இதில் கிழவர் எங்கே இருக்கிறார்? அவருக்கு எது வலிக்கிறது, ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கிறார், அவரோடு கூட எழுந்திருப்பது யார், அந்த ஆள் மறுநாள் காலையில் வேலைக்குப் போக வேண்டுமா, வைத்தியச் செலவு யார் தலையில் விழுகிறது—இதெல்லாம் நமக்குத் தெரியாது. தம்முடைய கடைசிக் காலம் இப்படி இருக்க வேண்டும் என்று அவர் எப்போதாவது ஏதாவது ஏற்பாடு செய்துகொண்டாரா என்பதும் தெரியாது. காபி ஆறிப்போயிருந்தது என்பது மட்டும் நன்றாகத் தெரியும்.

நான் நாவல் எழுதுகிறவன். ஆகவே இதைக் குற்றச்சாட்டாகச் சொல்வதைவிட, வேறு இடத்தில் வேறு மாதிரி எழுதியிருக்கிறார்கள் என்று காட்டுவது நல்லது என்று நினைக்கிறேன். ஜப்பானில் வந்த இரண்டு நூல்களை எடுத்துக்கொள்கிறேன். ஒன்று, ஷிச்சிரோ ஃபுகஸாவா 1956-ல் எழுதிய ‘நராயமா’ப் பாடல்கள் பற்றிய குறுநாவல். மற்றது, ஸவாகோ அரியோஷி 1972-ல் எழுதிய ‘கோகோத்ஸு நோ ஹிதோ’ என்ற நாவல். முன்னதை டொனால்ட் கீன் 1961-ல் இங்கிலீஷில் தந்தார். பின்னது 1984-ல் ‘ட்வைலைட் இயர்ஸ்’ என்ற பெயரில் இங்கிலீஷில் வந்தது. இரண்டுக்கும் நடுவே பதினாறு வருஷந்தான். ஆனால் ஒன்றைப் படித்துவிட்டு மற்றதைப் படித்தால் ஒரு கேள்வி எழுந்து நம்மை விடாமல் பிடித்துக்கொள்ளும். அந்தக் கேள்விக்காகத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் நராயமா. ஃபுகஸாவா கித்தார் வாசித்துப் பிழைத்துக்கொண்டிருந்தவர். ஒரு பத்திரிகை நடத்திய புது எழுத்தாளர் போட்டிக்கு இந்தக் கதையை அனுப்பிப் பரிசு பெற்றார். பரிசுக் குழுவில் யூகியோ மிஷிமாவும் இருந்தார். கதை நடப்பது மலைகளுக்கு நடுவே ஓர் ஏழைக் கிராமத்தில். சோற்றுக்குப் பஞ்சம். எழுபது வயசானவர்கள் மலைக்குப் போய்விட வேண்டும் என்பது ஊர்க் கட்டுப்பாடு. பிள்ளை முதுகில் சுமந்துகொண்டு போய் உச்சியில் உட்கார வைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் வந்துவிட வேண்டும். இது சரித்திரம் இல்லை. கிழவர்களை மலையில் விட்டு வரும் பழங்கதை ஜப்பானில் பல வடிவங்களில் உண்டு. அதை ஃபுகஸாவா எடுத்துக்கொண்டார்.

ஓரின் என்ற கிழவிக்கு அறுபத்தொன்பது வயசு. அவளைப் போல ஏற்பாடாக முதுமையை நடத்திக்கொண்ட ஒரு பாத்திரத்தை நான் வேறு எந்த இலக்கியத்திலும் பார்த்ததில்லை. மலையில் விரித்துக்கொள்ளப் பாய் பின்னி வைத்திருக்கிறாள். வழியனுப்ப வருகிறவர்களுக்கு மது காய்ச்சி வைத்திருக்கிறாள். மனைவியை இழந்த மகனுக்குப் பக்கத்து ஊரிலிருந்து ஒரு பெண் வந்து சேருகிறாள். ஆற்றில் மீன் எங்கே கிடைக்கும் என்று தனக்கு மட்டும் தெரிந்த இடத்தை அந்தப் புது மருமகளுக்குக் காட்டிக் கொடுக்கிறாள். அவளுக்கு ஒரே ஓர் அவமானம். இந்த வயசிலும் பல் ஒன்றுகூட விழவில்லை. சோற்றுப் பஞ்சமுள்ள ஊரில் கிழவிக்கு முழுப் பல் இருந்தால் ஊரார் பாட்டுக் கட்டிச் சிரிப்பார்கள். சொந்தப் பேரனே பாடுகிறான். ஒருநாள் அவள் கல்லில் வாயை மோதிக்கொண்டு முன்பற்களை உடைத்துக்கொள்கிறாள். கொள்ளுப்பேரன் பிறப்பதைப் பார்த்துவிட்டால் இன்னும் கேவலம் என்று, குறித்த காலத்துக்கு முன்பே மலைக்குக் கிளம்பிவிடுகிறாள். மகன் தத்ஸுஹெய் சுமந்து போகிறான். அவன் இறங்கும்போது பனி பெய்கிறது. போகிற அன்று பனி பெய்தால் அதிர்ஷ்டம். கட்டுப்பாட்டை மீறி அவன் திரும்ப மேலேறிப் போய், பனி பெய்கிறது அம்மா என்று சொல்லிவிட்டு வருகிறான். அவள் போ போ என்று கையை அசைக்கிறாள்.

இதைப் படித்துக் கண்ணீர் விடாதவர்கள் குறைவு. 1958-ல் கினோஷிட்டா இதைப் படமாக எடுத்தார். 1983-ல் இமாமுரா மறுபடியும் எடுத்தார். அது கான் விழாவில் பெரிய பரிசைப் பெற்றது.

என் நண்பர் ஒருவர், உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர், இந்தக் கதையைப் படித்துவிட்டுப் பரவசமாகிவிட்டார். “சார், செத்தால் இப்படிச் சாக வேண்டும். யாருக்கும் பாரமில்லாமல், தன் காலம் வந்ததும் தானே எழுந்து போய்விட வேண்டும்” என்று என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் மனைவி உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்தவர், அங்கிருந்தே என்னைப் பார்த்து, “தானே எழுந்து எங்கே போனாளாம்? பிள்ளை முதுகில்தானே போனாள்? நம்ம பிள்ளைக்கு முதுகுவலியாச்சே, இவரை யார் தூக்கிட்டுப் போறதாம், கேளுங்க!” என்றார்.

விமரிசகர்கள் பல பக்கங்களில் சொல்லாததை அந்த அம்மாள் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டார். ஓரினின் ஏற்பாடு அத்தனையும் கடைசியில் இன்னொருவர் முதுகின் மேல்தான் ஏறி உட்காருகிறது. ஃபுகஸாவாவுக்கு இது நன்றாகத் தெரியும். அதனால்தான் அவர் ஓரினை மட்டும் காட்டி நிறுத்தவில்லை. பக்கத்து வீட்டில் மாதா என்று ஒரு கிழவர் இருக்கிறார். எழுபது வயசு. அவருக்கு மலைக்குப் போக இஷ்டமில்லை. அவருடைய மகன் அவரைக் கயிற்றால் கட்டித் தூக்கிக்கொண்டு போகிறான். பாதி வழியில் பள்ளத்தில் உருட்டிவிடுகிறான். தாயை விட்டுவிட்டுத் திரும்புகிற தத்ஸுஹெய் அதைப் பார்க்கிறான். வீட்டுக்கு வந்தால் அங்கே ஓரினுடைய அரைக்கச்சைப் பேரனின் பெண்டாட்டி இடுப்பில் கட்டிக்கொண்டிருக்கிறாள். பஞ்சு வைத்த மேலங்கியைப் பேரன் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். கிழவி மலையில் இன்னும் உயிரோடுதான் இருக்கிறாள்.

ஓரினைப் பாராட்டுகிறவர்கள் மாதாவை மறந்துவிடுகிறார்கள். ஓரின் தானாக விரும்பிப் போனாளா, ஊர்ப் பாட்டு அவளை விரட்டியதா? கல்லில் மோதிப் பல்லை உடைத்துக்கொள்கிறவளின் விருப்பத்தை முழு விருப்பம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ‘யாருக்கும் பாரமாக இருக்கக் கூடாது’ என்று நம் வீட்டுக் கிழவர்கள் சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்தப் பல்தான் ஞாபகம் வருகிறது.

இது ஏதோ தூரதேசத்துக் கட்டுக்கதை என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. நம் தென் மாவட்டங்களில் ‘தலைக்கூத்தல்’ என்ற வழக்கம் உண்டு. படுத்த படுக்கையான முதியவர்களை எண்ணெய் முழுக்காட்டி அனுப்பிவைப்பது. பிரியா கிருஷ்ணசாமி இதை வைத்து ‘பாரம்’ என்று ஒரு படம் எடுத்தார். 2018-ஆம் ஆண்டுக்கான சிறந்த தமிழ்ப் படம் என்று தேசிய விருது கிடைத்தது. அதில் ஒரு வயசான காவல்காரர் இடுப்பெலும்பு முறிந்து படுக்கிறார். மகன் கிராமத்துக்குக் கொண்டுபோகிறான். என்ன செய்யலாம் என்று அவரை யாரும் கேட்பதில்லை. படத்தின் பலமே அங்கேதான் இருக்கிறது. ஓரின் கதையில் நமக்குக் கிடைக்கிற பனியும் பாட்டும் இதில் இல்லை. மாதாவின் கயிறு மட்டும் இருக்கிறது. அதுவும் அன்பு என்ற பெயரில்.

இனி அரியோஷிக்கு வருகிறேன். கலையழகில் இந்த நாவல் நராயமாவுக்குப் பக்கத்தில்கூட நிற்காது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஆனாலும் இரண்டில் ஒன்றைத்தான் நடுத்தரக் குடும்பத்து வாசகர் படிக்க முடியும் என்றால் இதைத்தான் படிக்கச் சொல்வேன். ஜப்பானில் இது பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. 1970-ல்தான் அந்த நாட்டில் அறுபத்தைந்து வயசைத் தாண்டியவர்கள் நூற்றுக்கு ஏழு பேர் என்ற கணக்கை எட்டியிருந்தார்கள். நாவலாசிரியைக்கு அப்போது நாற்பத்தொரு வயசு. வரப்போவதை அவர் முன்கூட்டியே பார்த்துவிட்டார்.

டோக்கியோவில் ஒரு நடுத்தரக் குடும்பம். அகிகோ ஒரு வக்கீல் ஆபீசில் வேலை பார்க்கிறாள். கணவன் நொபுதோஷி ஒரு வியாபாரக் கம்பெனியில். மகன் ஸதோஷி சர்வகலாசாலைப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறான். அதே வளவில் தனிக்கட்டில் மாமனாரும் மாமியாரும். ஒரு பனி நாளில் அகிகோ கடைக்குப் போய்விட்டுத் திரும்புகையில், மாமனார் ஷிகெஸோ மேலே கோட்டுக்கூட இல்லாமல் தெருவில் வேகமாக நடந்து போவதைப் பார்க்கிறாள். வீட்டுக்கு வந்தால் மாமியார் இறந்து கிடக்கிறாள். கிழவருக்கு அது புரியவில்லை. அவள் எழுந்திருக்கமாட்டேன் என்கிறாள், எனக்குப் பசிக்கிறது என்கிறார். அவருக்கு மூளை மங்கிப் போய் வெகுநாள் ஆகிவிட்டது. மாமியார் ஒருத்தி நடுவில் இருந்து எல்லாவற்றையும் மறைத்துக்கொண்டிருந்தாள் என்பது அப்போதுதான் வெளியாகிறது. குடும்பத்தின் ‘ஏற்பாடு’ அந்தக் கிழவிதான். ஏற்பாடு முதலில் செத்துவிட்டது.

இந்த ஆரம்பம் ஒன்றுக்காகவே அரியோஷியைப் பெரிய நாவலாசிரியை என்று சொல்லலாம். எத்தனை வீடுகளில் நாம் இதைப் பார்த்திருக்கிறோம்! அப்பாவுக்கு ஒன்றுமில்லை, நன்றாகத்தான் இருக்கிறார் என்று பிள்ளைகள் வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். அம்மா போன மறுவாரம்தான், அவருக்குத் தம் சட்டைப் பொத்தானைக்கூடப் போட்டுக்கொள்ளத் தெரியாது என்பது தெரியவரும்.

பிறகு வருவதெல்லாம் விவரம். ஷிகெஸோ தம் சொந்த மகனையும் மகளையும் அடையாளம் தெரியாமல் போய்விடுகிறார். மகனைத் திருடன் என்று நினைத்து அலறுகிறார். அவருக்கு ஞாபகம் இருப்பது, ஒரு காலத்தில் ஓயாமல் குத்திக்காட்டிய மருமகள் அகிகோ ஒருத்தியையும் பேரனையுந்தான். எந்நேரமும் பசி என்கிறார். கதவு திறந்திருந்தால் போய்விடுகிறார். அகிகோ பின்னாலேயே ஓட வேண்டும். இரவில் அவள் அவர் பக்கத்தில் படுத்து, மணிக்கொரு தரம் எழுந்து வெளியே கூட்டிப்போக வேண்டும். பிறகு அதுவும் இல்லை. துணி மாற்ற வேண்டும். பிறகு பாயிலும் தரையிலும் மலத்தைப் பூசுகிறார். நாவலாசிரியை எதையும் விடவில்லை. இதில் அருவருப்பு ஏற்படுகிறவர்கள் உண்டு. அந்த அருவருப்பைப் பன்னிரண்டு மாதமும் ஒரு பெண் விழுங்கிக்கொண்டிருக்கிறாள் என்பதுதானே நாவல்?

அகிகோ ஒருநாள் முதியோர் நல அதிகாரியைக் கூப்பிட்டு யோசனை கேட்கிறாள். இப்படிப்பட்டவர்களை முதியோர் இல்லங்களில் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். மனநோய் ஆஸ்பத்திரிதான் உண்டு. வீட்டிலே யாராவது வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொள்வதுதான் நல்லது என்று பதில் வருகிறது. ‘யாராவது’ என்றால் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. நொபுதோஷி என்ன செய்கிறான்? தகப்பனாரைப் பார்த்து, நமக்கும் இப்படித்தான் ஆகுமோ என்று பயப்படுகிறான். பயப்படுவதோடு அவன் வேலை முடிந்துவிடுகிறது. அவனை நாவலாசிரியை இன்னும் கொஞ்சம் கடுமையாக நடத்தியிருக்கலாம் என்பது என் அபிப்பிராயம். நன்றிகெட்ட மகன் என்று அவனைச் சொல்ல முடியாது, காபியெல்லாம் ஆறுவதில்லை. அதுதான் விசேஷம். ஒருவரும் கெட்டவர் இல்லாத வீட்டில், ஒருத்தி மட்டும் தூங்காமல் இருக்கிறாள்.

நடுப்பகுதியில் ஒரு சம்பவம். அகிகோ மாமனாரைக் குளிப்பாட்டும்போது டெலிபோன் மணி அடிக்கிறது. போய்ப் பேசுகிறாள். திரும்பி வந்தால் கிழவர் தொட்டித் தண்ணீரில் மூழ்கிக்கிடக்கிறார். இழுத்துப் போட்டு டாக்டரைக் கூப்பிட்டுப் பிழைக்க வைக்கிறார்கள். நிமோனியா வருகிறது, அதிலிருந்தும் தேறுகிறார். இவர் செத்தால் தேவலையே என்று அதுவரையில் மனசில் ஒரு மூலையில் நினைத்துக்கொண்டிருந்தவள், இனி இவரை எவ்வளவு நாள் முடியுமோ அவ்வளவு நாள் உயிரோடு வைத்திருக்கப் போகிறேன் என்று தீர்மானம் செய்துகொள்கிறாள்.

இந்தத் திருப்பத்தை ஏற்றுக்கொள்வதில் எனக்குச் சங்கடம் உண்டு. குற்ற உணர்வு வந்தது, தீர்மானம் பிறந்தது, பிறகு சேவை தவமாயிற்று என்று கதை கொஞ்சம் சுலபமாக வழுக்கிக்கொண்டு போகிறது. கிழவரும் கடைசிப் பகுதியில் குழந்தை போலச் சிரித்துக்கொண்டு, கூண்டுப் பறவையைப் பார்த்துக்கொண்டு, ஏறக்குறையத் தெய்வமாகிவிடுகிறார். நாவலின் பெயரில் உள்ள ‘கோகோத்ஸு’ என்ற சொல்லுக்குப் பரவசம் என்றும் பொருள், சித்தம் மயங்கிய நிலை என்றும் பொருள். அரியோஷி முதலில் இரண்டாவது பொருளில் தொடங்கி, வாசகரின் சௌகரியத்துக்காக மெள்ள முதல் பொருளுக்குப் போய்விடுகிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. அது தவிர, அக்கம்பக்கத்தார் ஒவ்வொருவரும் வந்து தங்கள் வீட்டுக் கிழவரின் கதையை ஒரு முறை ஒப்பிக்கிறார்கள்; பத்திரிகை ஆராய்ச்சிக் கட்டுரை போல இருக்கிறது. ஃபுகஸாவா இதையெல்லாம் ஒரு பாட்டில் அடக்கியிருப்பார்.

ஆனால் நான் முதலில் சொன்ன கேள்வி இங்கேதான் எழுகிறது. ஷிகெஸோ திமிர் பிடித்த மனிதராக இருந்தவர். அறுபது வயசில் அவரைக் கூப்பிட்டு, பிற்காலத்தில் உமக்கு மகன் முகம் தெரியாது, மருமகள்தான் உமக்குக் கால் கழுவிவிட வேண்டும், அப்போது உமக்குக் காய்ச்சல் வந்தால் வைத்தியம் செய்யட்டுமா வேண்டாமா என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்? வேண்டவே வேண்டாம், விட்டுவிடுங்கள் என்றுதான் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். எண்பத்தைந்து வயசுக் கிழவரோ பறவையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார். இரண்டு பேரும் ஒரே ஆள்தானா? எவருடைய சொல்லைக் கேட்பது? ஓரினுக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஏற்பாடு செய்த ஓரினும் மலையில் உட்கார்ந்த ஓரினும் ஒருத்தியே. பல்லும் புத்தியும் கெட்டியாக இருக்கும்போதே அவள் போய்விட்டாள். அதனால்தான் அவள் கதை அவ்வளவு அழகாக இருக்கிறது. நம்மில் பெரும்பாலோருக்கு அந்தச் சௌகரியம் கிடைக்காது.

நம் தேசத்தில் 2018 மார்ச் 9-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு, ஒருவர் தம் கடைசிக் காலத்து வைத்தியத்தைப் பற்றி முன்கூட்டியே எழுதி வைக்கலாம் என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அதிலே இருந்த நடைமுறைத் தொல்லைகளை 2023 ஜனவரியில் கொஞ்சம் குறைத்தார்கள். இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்துப் போட்டு நோட்டரியிடமோ கெஜட் பதிவு பெற்ற அதிகாரியிடமோ அத்தாட்சி வாங்கினால் போதும். நல்ல காரியம், எழுதி வைக்க வேண்டியதுதான். ஆனால் அது இனித் தேறுவதற்கு வழியில்லை என்ற நிலையில், குழாய்களையும் யந்திரங்களையும் பற்றிய பேச்சு. ஷிகெஸோவுக்கு யந்திரம் எதுவும் மாட்டவில்லை. அவருக்கு வேண்டியிருந்தது சோறு, துணி, பின்னாலேயே ஓடி வர ஓர் ஆள். இதை எந்தக் காகிதத்தில் எழுதி வைப்பது? 2007-ல் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் வந்தது. பிள்ளைகளிடமிருந்து பணம் வாங்கித் தரும். ராத்திரி மணிக்கொரு தரம் எழுந்திருக்கச் சட்டம் யாரை அனுப்பும்?

ஜப்பானியர் இதற்கு ஒரு விடை கண்டுபிடித்தார்கள். 1997-ல் சட்டம் செய்து 2000 ஏப்ரல் முதல் பராமரிப்பு இன்ஷ்யூரன்ஸ் என்று ஒன்றை நடத்தி வருகிறார்கள். நாற்பது வயசானவர்கள் எல்லோரும் அதற்குப் பணம் கட்ட வேண்டும். வீட்டுக்கு ஆள் வந்து குளிப்பாட்டிவிட்டுப் போவார்கள். பகலில் கூட்டிக்கொண்டுபோய் வைத்திருந்து சாயங்காலம் கொண்டுவந்து விடுவார்கள். இந்த நாவலால்தான் இது வந்தது என்று சொல்ல மாட்டேன். நடுவில் கால் நூற்றாண்டுக்கு மேல் ஓடிவிட்டது. ஆனால் அகிகோவின் பதிலற்ற கேள்வி அந்த நாட்டு மத்தியதர வர்க்கத்தின் காதில் விழுந்துகொண்டே இருந்தது என்பது நிச்சயம். நோயின் பெயரில்கூட அது தொடர்ந்தது. புத்தகம் வந்த புதிதில் மறதி பிடித்த கிழவர்களைப் புத்தகத்தின் பெயராலேயே குறிப்பிட்டார்கள். 2004-ல் சர்க்கார் பழைய வைத்தியப் பெயர் இழிவாக இருக்கிறது என்று மாற்றிப் புதுச் சொல் ஒன்றை வழக்கத்துக்குக் கொண்டுவந்தது. நாம் இன்னும் ‘கிழத்துக்குப் புத்தி பேதலித்துவிட்டது’ என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அல்லது, வயசானால் இப்படித்தான் என்று ஒன்றும் சொல்லாமல் இருக்கிறோம்.

தமிழில் ஷிகெஸோவை யார் எழுதுவார்கள்? இந்த நாவலைத் திருப்பி எழுதச் சொல்லவில்லை. நம் வீடுகளில் அகிகோக்கள் ஏராளம். அவர்களுக்கு எழுத நேரமில்லை. எழுத நேரமுள்ளவர்கள் நொபுதோஷிகள். அவர்கள் திண்ணையையும் காபியையும் எழுதுகிறார்கள்.

நாவலில் எனக்கு மிகவும் பிடித்த பாத்திரம் பையன் ஸதோஷி. தாத்தா பண்ணுவதையெல்லாம் பார்த்துவிட்டு முதலில் ஒருநாள் அப்பா அம்மாவிடம், நீங்கள் இவ்வளவு காலம் உயிரோடு இருக்காதீர்கள் என்று சாதாரணமாகச் சொல்லிவிடுகிறான். கடைசியில் தாத்தா செத்த பிறகு, இன்னும் கொஞ்ச நாள் அவரை வைத்திருந்திருக்கலாமே அம்மா என்கிறான். இரண்டுக்கும் நடுவில் அவன் எந்த இடத்தில் மாறினான் என்று தெரிந்துகொள்ள நான் புத்தகத்தை மறுபடியும் முதலிலிருந்து புரட்டிப் பார்த்தேன். அப்படி ஓர் இடம் இல்லை. பாடப் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, அம்மா ஆபீசிலிருந்து வரும்வரை தாத்தாவுக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டும் அவரை வெளியே போகாமல் பார்த்துக்கொண்டும் இருந்த பக்கங்கள்தான் இருக்கின்றன.